ஆச்சி பதில்கள்: கிணற்றடியில் நிற்கும் பெண்கள்

போன இதழில் ஒரு தம்பி, "நீங்கள் பார்த்து நிஜமாகவே பயந்த படம் எது ஆச்சி?" என்று கேட்டிருந்தார். 'ரிங்கு' என்ற ஜப்பான் படம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு கடிதங்கள் வந்திருக்கின்றன. ஜப்பான், கொரியா பேய்ப் படங்களில் வரும் பெண்களைப் பற்றித்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். காரைக்குடியில் இருபது வருடம் வீடியோ கேசட் வாடகைக் கடை நடத்தியவள் நான். சிங்கப்பூரிலிருந்து தம்பி மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் பை நிறைய விசிடி கொண்டுவருவான். கடையை மூடிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து பார்த்த படங்கள்தான் இவையெல்லாம்.

ஜப்பான், கொரியப் படங்களில் பேய் என்றாலே வெள்ளை உடையும் விரித்த தலையுமாக ஒரு பெண்தான் வருகிறாள். நம் மோகினியைப் பார்த்துக் காப்பி அடித்தார்களா?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

காப்பி இல்லை ஆத்தா. அவர்கள் ஊரில் வெள்ளை என்பது சாவின் உடை. ஜப்பானில் இறந்தவர் உடலுக்கு வெள்ளைக் கிமோனோ உடுத்துவார்கள். உயிரோடு இருப்பவர்கள் இடப்பக்கத் துணி மேலே வரும்படி மடித்துக் கட்டுவார்கள், இறந்தவருக்கு அதை மாற்றிக் கட்டுவார்கள். கொரியாவில் அந்தக் காலத்தில் துக்க வீட்டில் உடுத்தியது வெள்ளை. அங்கே பழைய காலத்தில் கல்யாணம் ஆகாத பெண் ஒற்றைப் பின்னல் போடுவாள், ஆனவள் கொண்டை போடுவாள். பின்னலும் இல்லாமல் கொண்டையும் இல்லாமல் முடி அவிழ்ந்து கிடந்தால், அவளை எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது என்று அர்த்தம். எங்கள் பக்கமும் ஒரு காலத்தில் விதவைக்கு வெள்ளைச் சேலைதான். விளக்கு வைக்கிற நேரத்தில் தலையை விரித்துப் போட்டால் அப்பத்தா சத்தம் போடுவார்கள். ஆகவே இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஜப்பான் மொழி தெரிய வேண்டியதில்லை.

ஆனால் உடையை விட முக்கியம் அவள் எப்படிச் செத்தாள் என்பது. இரண்டு பழைய கதைகள் சொல்கிறேன். இப்போது வரும் படங்களில் பாதிக்கு இவைதான் வேர்.

முதல் கதை ஓஇவா. 1825-ல் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், நான்காம் த்சுருயா நன்போகு எழுதிய கபுகி நாடகத்தில் வருகிறவள். புருஷன் ஏழைச் சாமுராய். பக்கத்து வீட்டுப் பணக்காரர்கள் தங்கள் பேத்திக்கு அவனை மாப்பிள்ளையாக்க நினைக்கிறார்கள். பிள்ளை பெற்று உடம்பு தேறாமல் கிடக்கிற ஓஇவாவுக்கு மருந்து என்று சொல்லி விஷத்தை அனுப்புகிறார்கள். அவள் அதை நன்றி சொல்லிக் குடிக்கிறாள். முகம் வீங்கிக் கோரமாகிறது. விஷயம் தெரிந்ததும் அந்த வீட்டுக்குப் போய்க் கேட்கப் புறப்படுகிறாள். போவதற்கு முன், மரியாதையாகப் போக வேண்டும் என்று, தன் தாயின் சீப்பை எடுத்துத் தலை வாருகிறாள். முடி கற்றை கற்றையாகக் கையோடு வருகிறது.

இதை 1959-ல் நொபுவோ நககாவா எடுத்த படத்தில் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருந்தபோதே என் கை தலைக்குப் போனது. பிள்ளை பெற்ற நான்காம் மாதம் எனக்கும் முடி அப்படித்தான் கொட்டியது. வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து வாருவேன். உதிர்ந்ததை விரலில் சுற்றிச் சுருட்டி, மூன்று தரம் துப்பி, சுவர்ப் பொந்தில் செருகுவேன். ஒரு நாள் பொந்து நிறைந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. ஓஇவா பேயாக வருவது அதற்குப் பிறகுதான். அதுவரை அவள் தலைக்குள் சீப்பு போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாம் அவளோடு உட்கார்ந்திருக்கிறோம்.

இரண்டாவது ஓகிகு. ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரப் பெண். வீட்டில் பத்து விலையுயர்ந்த தட்டுகள். அவள் இணங்கவில்லை என்ற கோபத்தில் எஜமானன் ஒரு தட்டை ஒளித்துவைத்துவிட்டு, திருடினாய் என்று பழி போட்டு அவளைக் கொன்று கிணற்றில் போடுகிறான். இரவு கிணற்றிலிருந்து குரல் வரும்: ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒன்பது வரை. அதற்கப்புறம் அழுகை. ஹிமேஜிக் கோட்டையில் இன்றும் ஒரு கிணற்றை ஓகிகுவின் கிணறு என்று காட்டுகிறார்கள்.

செட்டிநாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்க வேண்டாம். கல்யாணம் முடிந்த மறுநாள் நம் வீடுகளில் என்ன நடக்கும்? சாமான் எண்ணுவோம். எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது எங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக் கிண்ணம் குறைந்தது. பாத்திரம் தேய்க்க வந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கிண்ணம் கிடைக்கும்வரை போகக்கூடாது என்று அவளைக் கிணற்றடிப் படியில் உட்கார வைத்துவிட்டார்கள். விளக்கு வைத்த பிறகு, கழுவாமல் கிடந்த பாயசக் கிடாரத்தின் அடியிலிருந்து கிண்ணம் வந்தது. எண்ணிக்கை சரியாகிவிட்டது என்று எல்லோருக்கும் நிம்மதி. அவளிடம் போய் ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. ஓகிகு எண்ணுவதைக் கேட்கும்போது எனக்கு அந்தப் பெண்ணின் முதுகுதான் கண்ணில் வருகிறது.

'ரிங்கு' படத்தில் கதாநாயகி கிணற்றுக்குள் இறங்கி, சடாகோவின் எலும்பை எடுத்து மார்போடு அணைத்துக்கொள்கிறாள். அதோடு சாபம் தீர்ந்திருக்க வேண்டாமா? ஏன் தீரவில்லை?
– பள்ளி ஆசிரியர், திருமயம்

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: கோஜி சுசுகி 1991-ல் எழுதிய நாவலை வைத்து 1998-ல் ஹிடியோ நகாடா எடுத்த படம். ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதைப் பார்த்தவர் ஏழு நாளில் செத்துப்போவார். ரெய்கோ என்ற செய்தியாளர், கணவனைப் பிரிந்து மகனை வளர்ப்பவள், அதைப் பார்த்துவிடுகிறாள். மூலத்தைத் தேடிப் போனால் சடாகோ என்ற பெண்ணின் கதை கிடைக்கிறது. சடாகோவின் தாய்க்கு மனசக்தி இருந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் அவளை உட்கார வைத்துச் சோதிக்கிறார்கள். மோசடி என்று கூச்சல் போடுகிறார்கள். பிறகு அந்தத் தாய் எரிமலையில் விழுந்து சாகிறாள். மகளை ஒரு ஆண் அடித்துக் கிணற்றில் தள்ளி மூடிவிடுகிறான். உள்ளே அவள் உடனே சாகவில்லை. சுவரில் நகக்கீறல்கள் இருக்கின்றன.

அந்தத் தாயின் கதையில் கொஞ்சம் நிஜம் உண்டு. மிஃபுனே சிசுகோ என்று ஒரு பெண் ஜப்பானில் இருந்தாள். மூடிய பொருளுக்குள் இருப்பதைச் சொல்வாள் என்று பெயர். ஃபுகுராய் தொமொகிச்சி என்ற பேராசிரியர் 1910-ல் அவளை அறிஞர்கள் முன்னால் நிறுத்திச் சோதித்தார். சோதனையில் குழப்பம் வந்து, ஏமாற்றுக்காரி என்று பேச்சு கிளம்பியது. 1911 தொடக்கத்தில் அவள் விஷம் குடித்து இறந்துபோனாள். வயது இருபத்து நான்கு. ஃபுகுராய் சோதித்த இன்னொரு பெண்ணின் பெயரே சடாகோதான். சக்தி இருந்ததா இல்லையா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. சபையில் நிறுத்தியவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நின்றவள் செத்துப்போனாள். அதுதான் எனக்குத் தெரிய வேண்டியது.

சரி, கேள்விக்கு வருகிறேன். ரெய்கோ இறங்கி வாளி வாளியாகத் தண்ணீர் இறைக்கிறாள். மண்டையோடு கையில் வருகிறது, முடி வழுக்கி விழுகிறது, அவள் அதைக் கட்டிக்கொள்கிறாள். முதல் தடவை பார்த்தபோது படம் இங்கே முடிந்தது என்று நானும் எழுந்தேன். மறுநாள் டிவி தானாக ஓடுகிறது, சடாகோ கிணற்றிலிருந்து ஏறித் திரைக்கு வெளியே வருகிறாள். (அந்த நடை எப்படி வந்தது தெரியுமா? நடிகை ரியே இனோஓவைப் பின்னோக்கி நடக்கவிட்டுப் படம் பிடித்து, அதைத் திருப்பி ஓட்டினார்கள். அதனால்தான் அவள் முன்னால் வரும்போதே ஏதோ பின்னால் இழுப்பதுபோல இருக்கிறது.) ரெய்கோவின் முன்னாள் கணவன் செத்துப்போகிறான். ரெய்கோ மட்டும் ஏன் பிழைத்தாள்? எலும்பை எடுத்ததால் இல்லை. அந்த கேசட்டை அவள் நகல் எடுத்து இன்னொருவருக்குக் காட்டியிருந்தாள். அதனால்தான்.

நகல் எடுப்பதைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றினால் படம் கொஞ்சம் மங்கும். அதிலிருந்து இன்னொன்று எடுத்தால் இன்னும் மங்கும். நாலாவது நகலில் முகமே தெரியாது. சடாகோவின் கதை மட்டும் எத்தனை கை மாறினாலும் மங்குவதில்லை. எலும்புக்கு இடம் கொடுத்தால் போதும், அவள் அடங்கிவிடுவாள் என்று நாம் நினைக்கிறோம். அவள் கேட்பது இடம் இல்லை. 'எனக்கு நடந்ததை நீ பார், அடுத்தவருக்கும் காட்டு' என்கிறாள். கடைசியில் ரெய்கோ தன் மகனைக் காப்பாற்றுவதற்காக, அந்த கேசட்டைக் காட்டப் புறப்படுவது தன் சொந்தத் தகப்பனாரிடம். அந்தக் காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கிறது.

பேய்ப் படம் வெறும் பொழுதுபோக்கு. அதில் போய்ப் பெண்ணுரிமையைத் தேடுவது அதிகமில்லையா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருப்பத்தூர்

பொழுதுபோக்குக்கு எழுதிய நாடகத்தில்தான் 1825-லேயே ஓஇவா தலை வாரினாள். வழக்கு மன்றத்துக்குப் போக முடியாதவர்களின் கதை எங்காவது போய்த்தானே ஆக வேண்டும்? அது பேய்க் கதைக்குள் போயிற்று. நான் ஒன்றையும் தேடிப் போகவில்லை ஐயா, படத்தில் இருப்பதைத்தான் சொல்கிறேன்.

'எ டேல் ஆஃப் டூ சிஸ்டர்ஸ்' பார்த்தேன். கொரியாவிலும் சித்தி என்றால் கொடுமைக்காரிதானா? நானும் இரண்டாம் தாரமாக வந்தவள் என்பதால் மனது கஷ்டப்பட்டது.
– இல்லத்தரசி, தேவகோட்டை

உங்கள் வருத்தம் நியாயம். அந்தப் படத்துக்கு ஆதாரம் ஜாங்ஹ்வா, ஹொங்ரியோன் என்ற அக்கா தங்கை பற்றிய பழைய கொரியக் கதை. ரோஜா, தாமரை என்று அவர்கள் பெயருக்கு அர்த்தம். அதில் சித்தி கொடியவளேதான். தோலுரித்த எலியை அக்காவின் படுக்கையில் போட்டு, கல்யாணத்துக்கு முன்பே கர்ப்பமாகிக் கலைத்துவிட்டாள் என்று தகப்பனை நம்ப வைக்கிறாள். அக்காவைக் குளத்தில் மூழ்கடிக்கிறார்கள். தங்கையும் அதே குளத்தில் விழுகிறாள்.

அந்தக் கதையில் என்னைப் பிடித்துக்கொண்டது பிற்பாதி. ஆவிகள் சித்தியின் கழுத்தைப் பிடிக்கப் போவதில்லை. நேரே ஊர் அதிகாரியிடம் மனுக் கொடுக்கப் போகின்றன. பார்த்த மாத்திரத்தில் அதிகாரி பயத்தில் செத்துப்போகிறார். அடுத்து வந்தவரும் சாகிறார். கடைசியில் தைரியமான ஒருவர் வந்து உட்கார்ந்து, 'சொல்லுங்கள், என்ன நடந்தது?' என்று கேட்கிறார். விசாரணை நடக்கிறது, உண்மை வெளியே வருகிறது. மிர்யாங் ஊரில் அராங் என்ற பெண்ணைப் பற்றியும் இதே மாதிரிக் கதை உண்டு, அவளுக்கு அங்கே கோயிலும் இருக்கிறது. அவளும் கேட்க ஆள் இல்லாமல் அதிகாரி மாற்றி அதிகாரியாகப் போய் நின்றவள்தான்.

2003-ல் கிம் ஜீ-வூன் இந்தக் கதையைப் படமாக்கும்போது நிறைய மாற்றிவிட்டார். முடிச்சை நான் அவிழ்க்க மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: இன்னொரு தடவை பார்க்கும்போது சித்தியை விட்டுவிட்டு அந்த அப்பாவைப் பாருங்கள். அந்த வீட்டில் நடப்பது அவருக்குத் தெரியும். மாத்திரை கொடுக்கிறார், போன் பேசுகிறார், சாப்பிடுகிறார். வாயைத் திறப்பதில்லை. நான் பயந்தது அவரைப் பார்த்துத்தான்.

மனுக் கொடுக்கும் பேய் என்றதும் நம் பழையனூர் நீலி ஞாபகத்துக்கு வரவேண்டும். முற்பிறவியில் தன்னைக் கொன்ற புருஷனை, வணிகனாகப் பிறந்து வந்தவனைத் தேடி, கள்ளிக் கொம்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச் சபைக்கு வந்தவள். எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குப் பொறுப்பேற்றுக்கொண்டு, வாக்குத் தவறியதும் தீயில் இறங்கினார்கள் என்பது கதை. அவர்களைப் போற்றுவது சரி. ஆனால் மொழி எந்தப் பக்கம் நின்றது பாருங்கள். பொய்யாக அழுதால் 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். கொலைகாரனின் பெயரில் ஒரு சொல்லும் தமிழில் இல்லை. கொல்லப்பட்டவளின் அழுகைதான் பொய்க்கு அடையாளமாக நிற்கிறது. இதைக் கவனித்த நாளிலிருந்து அந்தச் சொல்லை நான் பயன்படுத்துவதில்லை.

அந்தப் பழையனூரை ஒட்டிய திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையாரும் ஆடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். வணிகன் மனைவி. பயந்துபோன புருஷன் கப்பலேறிப் போய் வேறு ஊரில் வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டான். 'அவனுக்காகத் தாங்கிய அழகு இனி எதற்கு' என்று பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ஒரு ஊரில் நீலி, அதே ஊர்ப்பக்கம் அம்மையார். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு தமிழில் ஏன் ஒரு நல்ல பேய்ப் படம் வரவில்லை என்று எனக்குத் தீராத ஆதங்கம்.

எல்லாவற்றையும் பாராட்டுகிறீர்களே. இந்தப் படங்களில் பெண்ணைக் கேவலமாகக் காட்டுவதே இல்லையா?
– செவிலியர், சிவகங்கை

இருக்கிறது. நான் சொன்ன படங்களை எடுத்தவர்கள் எல்லோரும் ஆண்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டகாஷி ஷிமிசுவின் 'ஜு-ஆன்' தொடர் மீது எனக்கு மனத்தாங்கல் உண்டு. அதில் பேயாக வரும் கயாகோவைச் சந்தேகத்தில் கொன்றவன் அவள் புருஷன். சரி, அவள் கோபப்படட்டும். ஆனால் அந்த வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் கிழவியைப் பார்த்துக்கொள்ள வருகிறாளே ஒரு சேவைப் பெண், அவள் என்ன பாவம் செய்தாள்? நீங்கள் செவிலியர், உங்களுக்கு இது இன்னும் வலிக்கும். கயாகோ மாடிப்படியில் தவழ்ந்து இறங்குவதை எல்லோரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அவள் ஏன் செத்தாள் என்பதை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. அது படத்தின் குறை.

1999-ல் வந்த டகாஷி மீகேயின் 'ஆடிஷன்' வேறு மாதிரி. மனைவியை இழந்தவனுக்கு இரண்டாம் கல்யாணம் செய்துவைக்க, சினிமாவுக்கு நடிகை தேர்வு என்று பொய் சொல்லிப் பெண்களை வரிசையாக வரவழைக்கிறார்கள். இரண்டு ஆண்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்கிறார்கள். நடக்கச் சொல்லி, பாடச் சொல்லி, பஜ்ஜியைத் தின்றுவிட்டுக் கடிதம் போடுகிறோம் என்று போகிறவர்களை நமக்குத் தெரியாதா? அந்த முன்பாதி அவ்வளவு உண்மை. பின்பாதியில் அந்தப் பெண்ணைச் சித்திரவதைக்காரியாக ஆக்கிவிடுகிறார்கள். அவள் கையிலிருக்கும் ஊசியைப் பார்த்த பயத்தில், அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர்கள் செய்தது மறந்துபோகிறது.

பெண் எடுத்த படம் ஒன்று சொல்கிறேன். கொரியாவில் லீ சூ-யான் என்பவர் 2003-ல் எடுத்தது, ஆங்கிலத்தில் 'தி அன்இன்வைட்டட்' என்று பெயர். அதில் பேய்கள் சாப்பாட்டு மேசை நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. துரத்துவதில்லை, கத்துவதில்லை. அதில் பயமே, தனக்கு நடந்ததைச் சொல்கிற பெண்ணை யாரும் நம்பாததுதான்.

பதினான்கு வயது மகள் பேய்ப் படம் கேட்கிறாள். எதைக் காட்டலாம்?
– ஒரு தாய், புதுக்கோட்டை

'ஆடிஷன்' கூடவே கூடாது. நீங்களும் பக்கத்தில் உட்காருவதாக இருந்தால் 'ரிங்கு' எடுத்த நகாடா 2002-ல் எடுத்த 'டார்க் வாட்டர்' காட்டுங்கள். எனக்கு எல்லாவற்றிலும் பிடித்த படம் அது.

யோஷிமி விவாகரத்து வழக்கில் நிற்பவள். மகள் இகுகோ மழலைப் பள்ளி போகிற வயது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று வழக்கு. முன்பு பிழை திருத்தும் வேலை செய்தபோது கொடூரமான கதைகளைப் படித்துப் படித்து மனம் நொந்து அவள் சிகிச்சை எடுத்ததை, எதிர்த் தரப்பு கிளறுகிறது. பழைய அடுக்குமாடியில் வீடு எடுக்கிறாள். கூரையில் ஒரு ஈரக்கறை. தினமும் கொஞ்சம் பெரிதாகிறது. காவலாளியிடம் சொன்னால் அவர் நகர்வதாயில்லை. வேலை தேடி ஓடுகிறாள், பள்ளிக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போக நேரமாகிறது. அந்த ஓட்டத்தில்தான் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது, பேய் வரும்போது இல்லை. கடையில் கூட்டம் இருக்கிற நாளில், நாலரை மணி தாண்டிப் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடியிருக்கிறேன். என் மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள்.

மேல் மாடியில் காணாமல்போன ஒரு சிறுமி, மிட்சுகோ. சிவப்புப் பை ஒன்று, தூக்கி எறிந்தாலும் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தப் பேய்க்கு வேண்டியது அம்மா, அவ்வளவுதான். கடைசியில் லிஃப்டுக்குள் யோஷிமி எடுக்கிற முடிவை உங்கள் மகளே பார்க்கட்டும். படம் முடிந்ததும் அவள் உங்கள் கையைப் பிடித்தால் விடாதீர்கள்.

பள்ளிக்கூடக் கதை கேட்டால் 1998-ல் கொரியாவில் வந்த 'விஸ்பரிங் காரிடார்ஸ்' இருக்கிறது. பெண்கள் பள்ளி. மதிப்பெண்ணை வைத்து ஒப்பிடுகிற, அடிக்கிற ஆசிரியர்கள். செத்துப்போன மாணவி ஒருத்தி ஆண்டுக்கணக்கில் அதே பள்ளியில் படித்துக்கொண்டிருக்கிறாள், ஒருவரும் கவனிக்கவில்லை. கொஞ்சம் ரத்தம் உண்டு, முதலில் நீங்கள் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

எங்கள் பூர்வீக வீடு கானாடுகாத்தான் பக்கம். பூட்டியே கிடக்கிறது. படப்பிடிப்புக்குக் கேட்கிறவர்கள் எல்லாம் பேய்ப் படத்துக்கே கேட்கிறார்கள். நம் வீடுகளைப் பார்த்தால் பேய் வீடு மாதிரியா இருக்கிறது?
– வாசகர், சிங்கப்பூர்

தம்பி, அந்த வீடுகளில் யார் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் மூன்று வருடக் கணக்குக்குப் போனார்கள். வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறினார்கள். முகப்பு முதல் கிணற்றடி வரை அவ்வளவு பெரிய வீட்டில் இருந்தவர்கள் பெண்கள்தான்.

என் அப்பத்தா அப்படி இருந்தவர்கள். ஐயா, அதாவது என் தாத்தா, பர்மாவில் மோல்மீன் ஊரில் கிட்டங்கியில், நம் ஆட்கள் தங்கித் தொழில் நடத்தும் இடத்தில், இருந்தார்கள். 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. நடந்தே ஊர் திரும்பியவர்கள் உண்டு, வழியில் செத்தவர்கள் உண்டு. ஐயா எந்தக் கணக்கு என்று தெரியவில்லை. பார்த்ததாகச் சொன்னவர்களும் இல்லை, செத்ததாகச் சொன்னவர்களும் இல்லை. சில வருடம் போனதும் பங்காளி வீட்டுப் பெண்கள் வெள்ளைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து வளவில் வைத்தார்களாம். அப்பத்தா அதைத் தொடவில்லை. தாலியையும் கழற்றவில்லை. அதற்காக நல்ல காரியங்களில் முன்னால் நிற்கவும் விடவில்லை அவர்களை. முப்பத்தைந்து வருடம், சாகும்வரை, இரவில் ஒரு ஆள் சோறு கூடப் போட்டு வடிப்பார்கள். காலையில் அது எங்களுக்குப் பழையது. நாங்கள் வெங்காயம் கடித்துக்கொண்டு அதைச் சாப்பிட்டுத்தான் பள்ளிக்கூடம் போனோம்.

பல வருடம் கழித்து மிசோகுச்சி 1953-ல் எடுத்த 'உகெட்சு' பார்த்தேன். சண்டைக் காலத்தில் ஒரு குயவன் பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு வியாபாரத்துக்குப் போகிறான். அங்கே ஒரு சீமாட்டியிடம் மயங்கிக் கிடக்கிறான், அவள் ஆவி. இங்கே அவன் மனைவி மியாகியைப் பசியில் அலையும் வீரர்கள் குத்திப் போடுகிறார்கள். அவன் திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைகிறான். இருட்டு, அடுப்பு அணைந்து கிடக்கிறது, யாரும் இல்லை. கொல்லைப்புறமாகச் சுற்றி மறுபடி வருகிறான். அடுப்பு எரிகிறது. மியாகி சமைத்துக்கொண்டிருக்கிறாள். சோறு போடுகிறாள், அவன் தூங்கிய பிறகு அவன் துணியைத் தைக்கிறாள். விடிந்தால் அவள் இல்லை.

ஜப்பான் குண்டு போட்டதில் என் அப்பத்தா காத்திருந்தார்கள். சண்டை முடிந்து எட்டு வருடத்தில், சண்டையால் செத்த ஒரு பெண்ணுக்காக ஒரு ஜப்பான்காரர் இந்தப் படத்தை எடுத்தார். அந்தக் காட்சியில் நான் பயப்படவில்லை. வாய்விட்டு அழுதேன். அடுப்படியில் அவள் உட்கார்ந்திருந்த விதம் அப்பத்தாவுடையது.

வீட்டைப் படப்பிடிப்புக்குக் கொடுப்பது உங்கள் இஷ்டம். கொடுப்பதாக இருந்தால் கதையைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எங்கள் பங்காளிகள் படைப்பில் ஒரு பெண்ணுக்குச் சேலை வைத்துப் படைக்கிறோம். யார், எப்படி இறந்தாள் என்று கேட்டால், 'கன்னியாப் போனவ, கேக்காதே' என்கிறார்கள். நான் கேட்கலாமா ஆச்சி?
– புதிதாக மணமான பெண், பள்ளத்தூர்

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எங்கள் படைப்பிலும் அப்படி ஒருத்தி உண்டு. பேழையில் புதுச் சேலை வைப்போம், இலை நிறையப் பலகாரம் வைப்போம், விழுந்து கும்பிடுவோம். சிறு வயதில் நானும் கேட்டேன், எனக்கும் அதே பதில்தான் கிடைத்தது. அப்பத்தாவுக்குத் தெரிந்திருக்கும். அவர்கள் இருக்கும்போது மறுபடி கேட்காமல் விட்டுவிட்டேன். இப்போது எங்கள் வீட்டில் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சேலை மட்டும் வருடா வருடம் வைக்கிறோம்.

கேளுங்கள். படைப்பு அன்றைக்கு வேண்டாம், நாலு பேர் முன்னால் யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டிலேயே வயதில் மூத்த பெண் யாரோ அவரிடம், தனியாக, கை வேலையாக இருக்கும்போது கேளுங்கள். உளுந்து புடைக்கும்போதோ, வெங்காயம் உரிக்கும்போதோ பக்கத்தில் போய் உட்கார்ந்து நீங்களும் உரியுங்கள். எப்படிச் செத்தாள் என்று தொடங்காதீர்கள். பெயரைக் கேளுங்கள். அவள் யாருடைய மகள், யாருடைய தங்கை, வீட்டின் எந்தக் கட்டில் படுத்துக்கொள்வாள், என்ன பலகாரம் பிடிக்கும் என்று கேளுங்கள். அதைச் சொல்ல யாரும் தயங்க மாட்டார்கள். மீதி பிறகு வரும். வந்ததை அன்று இரவே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள்.